சிக்னலில் நின்றுபோகும் கார்

பெங்களூரில் கார் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் பலர். சிலர் சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். சிலர் பிறருடைய காரை ஓட்டுகிறார்கள். பழைய மாருதி 800, பழைய ஆம்னி போன்ற வண்டிகளையும் நகரில் இன்னும் பார்க்கலாம்.

ஓடும்போது கார் நன்றாகத்தான் ஓடுகிறது. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போதுதான் தொல்லை. எஞ்சின் நடுங்குகிறது. திடீரென்று நின்றுபோகிறது. பச்சை விளக்கு எரிகிறது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. சாவியைத் திருப்பித் திருப்பி பேட்டரியும் சோர்ந்துபோகிறது.

இதைத்தான் மெக்கானிக்குகள் "ஐடிலிங் சரியில்லை" என்று சொல்கிறார்கள்.

பலர் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார்கள். ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டுகிறார்கள். எஞ்சின் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் கோளாறு உள்ளேயே இருக்கிறது. காய்ச்சல்காரருக்குப் போர்வை போர்த்தினால் நடுக்கம் தெரியாது. காய்ச்சல் போகுமா?

இந்தப் பாடம் சொல்வது ஒன்றுதான். முதலில் காரணத்தைத் தேடுவோம். கடைசியில் ஸ்க்ரூவைத் தொடுவோம்.

ஐடிலிங் என்றால் என்ன?

கார் நிற்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. ஆனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டத்துக்குத்தான் ஐடிலிங் என்று பெயர்.

பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் வேண்டும். காற்று போகும் வழியில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஐடிலிங்கில் அது கிட்டத்தட்ட மூடியே இருக்கும். ஒரு சிறு இடுக்கு வழியாகத்தான் காற்று போகும். கார்புரேட்டர் உள்ள காரில் ஊசிமுனை போன்ற ஒரு துளை வழியாகப் பெட்ரோல் வரும். அந்தத் துளை உள்ள பாகத்துக்கு 'ஜெட்' என்று பெயர்.

இவ்வளவு குறைந்த காற்று, இவ்வளவு குறைந்த பெட்ரோல். அதனால் சிறு தவறையும் எஞ்சின் தாங்காது. கொஞ்சம் தூசி அடைத்தாலும் நடுங்கும். ஒரு ரப்பர் குழாயில் கீறல் விழுந்தாலும் நின்றுபோகும். வேகமாக ஓடும்போது தெரியாத கோளாறு சிக்னலில் தெரிவது இதனால்தான்.

எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை ஆர்.பி.எம். என்பார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் ஐடிலிங் 700 முதல் 900 வரை இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு? பானெட்டைத் திறந்து பாருங்கள். பல கார்களில் உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் எண் இருக்கும். காருடன் கொடுத்த புத்தகத்திலும் பார்க்கலாம். எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள்.

மேட்டில் இருக்கும் ஊர்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது சுமார் 3,000 அடி. சென்னையோ கடற்கரை ஊர்.

உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். பெங்களூர்க் காற்று சென்னைக் காற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது ஏறக்குறைய பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொடுக்கும். அதனால் காற்று குறைந்து, பெட்ரோல் சற்று அதிகமாகிவிடும்.

சென்னையில் ஐடிலிங் வைத்த பழைய கார் பெங்களூரில் சற்றுக் கரும்புகை விடலாம். பெட்ரோல் வாடை அடிக்கலாம். பெங்களூரில் வைத்த கார் சென்னைக்குப் போனால் பெட்ரோல் சற்றுப் போதாமல் நடுங்கலாம். எனவே கார் எந்த ஊரில் ஓடுகிறதோ அந்த ஊரில் ஐடிலிங் வைப்பது நல்லது.

முதலில் உயிர், பிறகு கார்

வேலையைத் தொடங்கும் முன் இவற்றைப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட்டாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. வாடையும் இல்லை. மயக்கம் வரும். உயிரே போகும். காரை வெளியே நிறுத்தி வேலை செய்யுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2. சமதரையில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

3. தோளில் துண்டு வேண்டாம். தொங்கும் உடை வேண்டாம். பெல்ட் இழுத்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

4. பீடி, சிகரெட், தீப்பெட்டி அருகில் கூடாது. பெட்ரோல் கசிவு தெரிந்தால் எஞ்சினை ஓட்டவே கூடாது.

5. எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்காதீர்கள். ஷாக் அடிக்கும்.

டீசல் காருக்கும் கேஸில் ஓடும் காருக்கும் இந்த முறை பொருந்தாது. அவற்றை அந்த வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கார் என்ன சொல்கிறது?

டாக்டர் முதலில் மருந்து கொடுப்பதில்லை. கேள்வி கேட்கிறார். நாமும் காரைக் கவனிப்போம்.

ஐடிலிங் குறைந்து நின்றுபோகிறதா? ஜெட் அடைத்திருக்கலாம். ஏர் ஃபில்டர் அழுக்காக இருக்கலாம். எங்காவது வேண்டாத காற்று நுழையலாம்.

ஐடிலிங் அதிகமாக இருக்கிறதா? ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கியிருக்கலாம். சோக் முழுவதும் திரும்பாமல் இருக்கலாம். கால்மிதி பெடலை அழுத்தலாம்.

ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடுகிறதா? வேண்டாத காற்று நுழைவதே பெரும்பாலும் காரணம். புதிய கார்களில் காற்று வழியில் கரி படிந்திருக்கலாம்.

கார் முழுவதும் குலுங்குகிறதா? ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இருக்கலாம். இதை 'மிஸ்ஸிங்' என்பார்கள். மாருதி 800-இல் இருப்பதே 3 சிலிண்டர். ஒன்று படுத்தால் மீதி இரண்டுதான். அதனால் குலுக்கல் நன்றாகத் தெரியும்.

ஏ.சி. போட்டால் மட்டும் நிற்கிறதா? ஏ.சி. எஞ்சினின் பலத்தை இழுக்கும். அப்போது ஐடிலிங்கைச் சற்று உயர்த்த ஒரு கருவி இருக்கும். அது வேலை செய்யாமல் இருக்கலாம்.

வீட்டிலேயே நான்கு சோதனைகள்

முதல் சோதனை: கேபிளும் சோக்கும். எஞ்சினை நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை மிதித்து விடுங்கள். பெடல் உடனே மேலே வர வேண்டும். சோக் குமிழ் உள்ள காரில் அது முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: ஏர் ஃபில்டர். மூடியைத் திறந்து ஃபில்டரை எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லையா? மாற்றுங்கள். பெங்களூரில் எங்கும் கட்டட வேலை, எங்கும் தூசி. ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும்.

மூன்றாம் சோதனை: ரப்பர் ஹோஸ். எஞ்சினை ஓடவிடுங்கள். 'உஸ்' என்ற சத்தம் கேட்கிறதா? சத்தம் வரும் ஹோஸை விரலால் அமுக்குங்கள். ஐடிலிங் மாறிச் சரியானால் அந்த ஹோஸில்தான் கீறல். பவர் பிரேக் உள்ள காரில் ஒரு தடித்த ஹோஸ் பிரேக் பூஸ்டருக்குப் போகும். அது கிழிந்தால் ஐடிலிங் மட்டும் கெடாது. பிரேக் பெடலும் கல்லாகிவிடும். அந்தக் காரை ரோட்டில் எடுக்கவே கூடாது.

நான்காம் சோதனை: பிளக். எஞ்சின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றுங்கள். எந்தப் பிளக் எந்த சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள். வயர் மாறிவிடக் கூடாது. பிளக்கின் முனையைப் பாருங்கள்.

இளம் பழுப்பு நிறமா? நல்லது.
கறுப்புக் கரியா? பெட்ரோல் அதிகம் போகிறது.
வெள்ளையா? பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.
எண்ணெய்ப் பசையா? எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. இது வீட்டு வேலை அல்ல. மெக்கானிக்கிடம் போங்கள்.

நான்கும் சரியாக இருந்தும் கார்புரேட்டர் கார் நின்றுபோகிறதா? அப்போது ஜெட் அடைத்திருக்கலாம். ஜெட்டைக் கழற்றத் தெரிந்தவர் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிடும். பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஐடிலிங் நிற்காது.

அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களில் 'பாயிண்ட்' என்ற பாகமும் உண்டு. அது தேய்ந்தாலும் ஐடிலிங் கெடும். அதன் இடைவெளியை அளவுத் தகடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சு

ஓட்டுநர் ஒருவர் மெக்கானிக்கிடம் வருகிறார். அவர்கள் எப்படிப் பேசலாம் என்று பாருங்கள்.

ஓட்டுநர்: அண்ணே, வண்டி சிக்னல்ல நின்னுபோகுது. ஐடிலிங்கை ஏத்தி வைங்க.

மெக்கானிக்: இரு தம்பி. எத்தனை நாளா இப்படி?

ஓட்டுநர்: நாலு நாளா.

மெக்கானிக்: காலையில மட்டுமா? சூடான பிறகுமா?

ஓட்டுநர்: ரெண்டு நேரமும்தான் அண்ணே.

மெக்கானிக்: அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை நடந்தது?

ஓட்டுநர்: ஏர் ஃபில்டர் மாத்தினோம். வேற ஒண்ணும் இல்லை.

மெக்கானிக்: பானெட்டைத் தூக்கு. எஞ்சினை ஓடவிடு. காதை வச்சுக் கேளு. என்ன சத்தம்?

ஓட்டுநர்: 'உஸ்'ஸுன்னு பாம்பு சீறுற மாதிரி இருக்கு.

மெக்கானிக்: ஃபில்டர் பக்கத்துல போற அந்தச் சின்ன ஹோஸை அமுக்கிப் பிடி.

ஓட்டுநர்: அட! எஞ்சின் நிதானமாயிடுச்சே!

மெக்கானிக்: பார்த்தியா? ஹோஸ் முனையில கீறல். ஃபில்டரைக் கழட்டும்போது இழுபட்டிருக்கு. நீ சொன்னபடி ஸ்க்ரூவை ஏத்தியிருந்தா வண்டி நிக்காது. ஆனா பெட்ரோல் வீணாகும். கீறலும் பெரிசாகும். ஜே.சி. ரோட்டுல இதே அளவு ஹோஸ் கிடைக்கும். வாங்கிட்டு வா.

மெக்கானிக் கேட்ட மூன்று கேள்விகளைக் கவனித்தீர்களா? எப்போதிருந்து? எந்த நேரத்தில்? அதற்கு முன் என்ன நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கடைசியில்தான் ஸ்க்ரூ

கோளாறு தீர்ந்தது. இனி கார்புரேட்டர் காரில் ஐடிலிங் வைக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பெங்களூரில் காலைக் குளிர் அதிகம். குளிர்ந்த எஞ்சினில் வைத்தால் அளவு தப்பும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

பொதுவாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று வேகத்துக்கு. அது வட்டத் தகட்டைச் சற்றுத் திறக்கும், மூடும். மற்றொன்று மிக்சர் ஸ்க்ரூ. அது ஐடிலிங் கலவையை மாற்றும்.

1. மிக்சர் ஸ்க்ரூ இப்போது எங்கே இருக்கிறது என்று அடையாளம் வையுங்கள். தப்பினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம்.

2. வேக ஸ்க்ரூவால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள்.

3. மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். எஞ்சின் தடுமாறும்போது நிறுத்துங்கள். இறுக்காதீர்கள். ஊசி முனை கெட்டுவிடும்.

4. பிறகு மெதுவாக வெளியே திருப்புங்கள். எஞ்சின் சீராக, வேகமாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள்.

5. வேக ஸ்க்ரூவால் ஸ்டிக்கர் எண்ணுக்கு இறக்குங்கள்.

6. ஒருமுறை ரேஸ் கொடுத்து விடுங்கள். எஞ்சின் நிற்காமல் பழைய வேகத்துக்கு வர வேண்டும்.

காரில் ஆர்.பி.எம். மீட்டர் இல்லையா? மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தைக் காதில் பதியவையுங்கள்.

புதிய காரில் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்

மாருதி 800 முதன்முதலில் 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. பழைய மாருதி 800-இல் கார்புரேட்டர் இருக்கும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. முறை வந்தது. இதில் பெட்ரோலைப் பீய்ச்சும் அளவை ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. இன்று விற்கும் பெட்ரோல் கார்களிலும் பெட்ரோல் அளவைக் கணினிதான் முடிவு செய்கிறது. ஓசூர் மேடு ஏறினாலும் இறங்கினாலும் கணினியே அளவை மாற்றிக்கொள்ளும்.

இந்தக் காரில் காற்று வழித் தகட்டுக்கு அருகில் ஒரு ஸ்க்ரூ தெரியலாம். அதைத் திருப்பாதீர்கள். கணினியின் கணக்குக் குழம்பும். ஃபில்டர், ஹோஸ், பிளக் சோதனைகளை மட்டும் செய்யுங்கள். அவை சரியாக இருந்தால் தகட்டில் கரி படிந்திருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா? மெக்கானிக் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பார். அதில் ஓர் எண் வரும். அந்த எண்ணை நீங்களே படியுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். 'பி 0505' என்றால் ஐடிலிங் கட்டுப்பாட்டில் கோளாறு. 'பி 0300' என்றால் மிஸ்ஸிங். 'பி 0171' என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எண் தெரிந்தால், எந்தப் பாகத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று நீங்களும் கேட்கலாம்.

எமிஷன் டெஸ்ட்

புகைச் சோதனை செய்யும்போது பெட்ரோல் காரை ஐடிலிங்கில் நிறுத்தித்தான் பார்க்கிறார்கள். ஐடிலிங் சரியில்லாத கார் அங்கே மாட்டிக்கொள்ளும். 'பாரத் ஸ்டேஜ் 2' விதிக்கு முந்திய கார் என்றால், 100 பங்குப் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 'பாரத் ஸ்டேஜ் 2', 'ஸ்டேஜ் 3' கார்களுக்கு அரைப் பங்குதான் எல்லை. 'பாரத் ஸ்டேஜ் 4' முதல் அது 0.3 பங்கு.

சீட்டை வாங்கி அப்படியே பையில் போடாதீர்கள். எண்ணைப் படியுங்கள். போன முறை 1, இந்த முறை 2 என்றால், கார் பாஸ் ஆகியிருந்தாலும் ஏதோ கெட்டுக்கொண்டு வருகிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் செலவு குறையும். அந்தப் புகையைச் சுவாசிப்பது நாமும் நம் பிள்ளைகளும்தான்.

ஒரு நோட்டு போடுங்கள்

எழுதத் தெரிந்த ஓட்டுநருக்கு நோட்டுப் புத்தகமும் ஒரு கருவிதான். இதோ ஒரு மாதிரிப் பக்கம்:

தேதி: ஜூன் 5
குறை: சிக்னலில் எஞ்சின் நிற்கிறது. 4 நாளாக.
பார்த்தது: ஏர் ஃபில்டர் நன்று. 3 பிளக்கும் பழுப்பு. சின்ன ஹோஸில் கீறல்.
செய்தது: ஹோஸ் மாற்றினேன். ஸ்க்ரூவைத் தொடவில்லை.
பலன்: ஐடிலிங் சரி. 850.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் போகும்போது இந்த நோட்டைக் காட்டுங்கள். அவருக்கும் நேரம் மிச்சம். உங்களுக்கும் பணம் மிச்சம். வேலை முடிந்ததும் பில்லை வாங்கிப் படியுங்கள். மாற்றியதாக எழுதிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

யோசியுங்கள், பேசுங்கள், எழுதுங்கள்

1. ஐடிலிங் ஸ்க்ரூவை முதலில் திருப்புவது ஏன் தவறு?
2. சென்னையிலிருந்து வந்த பழைய கார் பெங்களூரில் ஏன் கரும்புகை விடலாம்?
3. மூடிய ஷெட்டில் எஞ்சினை ஏன் ஓட்டக் கூடாது? வீட்டில் உள்ளவர்களுக்கு விளக்குங்கள்.
4. பிளக் முனை கறுப்பாக இருந்தால் என்ன பொருள்?
5. உங்கள் காரின் ஸ்டிக்கரில் உள்ள ஐடிலிங் எண் எது? நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.